வேலியாக நின்றவர்

(பரிசளிப்பு விழாவில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



மேடையில் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கண்கள் எல்லாம் அந்த மேசைமேல்தான் இருக்கின்றன. இந்த நேரத்தில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தலைமையாசிரியர் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது காற்பந்து. ஆகவே ஒரு காற்பந்தாட்டக்காரரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் சைலேன் மன்னா.

"நம்ம பையன் ஏற்கெனவே புத்தகத்தைத் தொடமாட்டேங்கிறான், இந்த வாத்தியார் வேறே பந்தைப் பத்திப் பேச வந்துட்டாரே" என்று சில அம்மாமார்கள் நினைப்பது எனக்குக் காதில் விழுகிற மாதிரியே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கம்மா. கடைசியில் படிப்புக்குத்தான் வரப்போகிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. நம் திடலில் ஆட்டம் நடக்கும்போது யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள்? கோல் போட்டவனைத்தானே? பின்னால் நின்று பந்தைத் தடுத்தவனை என்றைக்காவது யாராவது தூக்கியதுண்டா? கிடையாது. அவன் பத்துப் பந்தைத் தடுத்திருப்பான். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு பந்தை விட்டுவிட்டால் போதும், லயத்து வாசல்வரைக்கும் அந்தப் பேச்சுத்தான். தற்காப்பு ஆட்டக்காரனுடைய பாடு அப்படி. தோட்டத்துக்கு வேலி மாதிரி. காய் காய்த்தால் மரத்தைப் புகழ்வோம், மாடு புகுந்தால்தான் வேலியைப் பார்ப்போம். மன்னா அப்படி வேலியாக நின்றவர்.

அவர் பிறந்தது 1924ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஹவுராவில். ஹவுரா எங்கே இருக்கிறது? நம் ஜார்ஜ்டவுனுக்கு எதிரே கடலைத் தாண்டி பட்டர்வொர்த் இருப்பதுபோல, கல்கத்தாவுக்கு எதிரே ஹூக்ளி ஆற்றைத் தாண்டி இருக்கிறது. அங்கே ஹவுரா யூனியன் என்ற சிறிய குழுவில் ஆடத் தொடங்கினார். 1942ஆம் ஆண்டு, 18 வயதுகூட நிறையாத நிலையில், மோகன் பகான் என்ற பெரிய குழு அவரைச் சேர்த்துக்கொண்டது.

மோகன் பகான் என்றால் வங்காளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1889ஆம் ஆண்டு தொடங்கிய குழு அது. 1911ஆம் ஆண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் குழுவான கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரணியினர் கனமான சப்பாத்து போட்டிருந்தார்கள். நம்மவர்களில் ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். நாட்டை ஆண்டவனை விளையாட்டிலாவது வெல்ல முடியும் என்று அன்றைக்கு ஏழை எளிய மக்களுக்கு ஒரு தெம்பு வந்தது. அந்தக் குழுவில்தான் மன்னா 1942 முதல் 1960 வரை, 19 பருவங்கள் ஆடினார். இடது பக்கத் தற்காப்பு அவருடைய இடம். வேறு குழுவுக்கு அவர் போகவே இல்லை.

1942 என்று சொன்னதும் இங்கே உள்ள பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கு நகரத்தில் குண்டு போட்டான். அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக நாம் அவன் கையில் இருந்தோம். தோட்டத்துச் சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த காலம். ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. நம்மில் எத்தனையோ குடும்பத்தில் அந்தக் கதை இருக்கிறது.

கல்கத்தாவிலும் நல்ல காலம் இல்லை. 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. பல லட்சம் பேர் செத்தார்கள். பசியோடு கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துச் சாலையோரத்திலேயே விழுந்து கிடந்தார்கள். 1946இல் அதே நகரத்தில் பெரிய கலவரம். 1947இல் நாடு இரண்டானது. மன்னாவின் இளமை இந்த வருடங்களில்தான் கழிந்தது. ஒரு விளையாட்டுக்காரனுக்கு 18 வயது முதல் 23 வயது வரைக்கும் உள்ள காலம் தங்கம் மாதிரி. அது போனால் திரும்ப வராது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். போர் வந்ததால் அங்கே வழக்கமான லீக் ஆட்டங்கள் 1939 முதல் 1946 வரை நின்றுபோயின. எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஏழு பருவங்கள் வீணாகப் போயின. அவர்களில் ஒருவர் நீல் ஃபிராங்க்ளின். ஸ்டோக் நகரத்துக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர். போர் முடிந்ததும் இங்கிலாந்துக்காகத் தொடர்ச்சியாக 27 ஆட்டங்கள் ஆடினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1948. இந்தியா விடுதலை அடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லண்டனில் ஒலிம்பிக் போட்டி. சுதந்திர நாடாக முதல் தடவையாக இந்தியக் காற்பந்துக் குழு போகிறது. அந்தக் குழுவில் வரதராஜ், ராமன், வஜ்ரவேலு என்று நம் காதுக்குப் பழக்கமான பெயர்களும் இருந்தன. ஜூலை 31ஆம் நாள் இல்ஃபர்டு என்ற இடத்தில் பிரான்சு நாட்டோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, சப்பாத்து இல்லாமல் ஆடினார்கள். பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

பிரான்சு முதல் கோலைப் போட்டது. 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்சு இன்னொரு கோல் போட்டு 2க்கு 1 என்று வென்றுவிட்டது.

இதில் வேதனை என்ன தெரியுமா? அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்ட்டி கிடைத்தது. இரண்டும் வீணாயிற்று. ஒன்றைத் தவறவிட்டவர் மகாவீர் பிரசாத். மற்றதைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா.

நினைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. பந்து அசையாமல் நிற்கிறது. எதிரே கோல் காவலர் ஒருவர் மட்டும்தான். ஒரு புது நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஃப்ரீ கிக் அடிப்பதில் பெயர் எடுத்த கால் அது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அப்படிச் சறுக்கியது. நம்ம ஊரில் என்றால் என்ன சொல்லியிருப்போம்? "இவனை யாருப்பா அடிக்கச் சொன்னது? இவனை இனிமேல் குழுவில் எடுக்காதீங்க" என்று சொல்லியிருப்போம். சொல்லமாட்டோமா?

கல்கத்தாவில் அப்படி யாரும் அவரை ஒதுக்கிவிடவில்லை. ஊருக்குத் திரும்பினார், பழையபடி பயிற்சிக்குப் போனார், பழையபடி மோகன் பகானின் பின்வரிசையில் நின்றார். அது மட்டுமல்ல, அடுத்து இந்தியக் குழுவுக்கே அவரைத் தலைவர் ஆக்கினார்கள்.

நடுவில் 1950ஆம் ஆண்டு இன்னொரு ஏமாற்றம் வந்தது. பிரேசில் நாட்டில் உலகக் கிண்ணப் போட்டி. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு ஆடாமலேயே இடம் கிடைத்தது. மன்னா தலைவராகப் போயிருக்க வேண்டும். ஆனால் குழு போகவே இல்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்று சொன்னதால்தான் போகவில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அது முழு உண்மை இல்லை. நீண்ட கப்பல் பயணம், ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கிண்ணம் அவ்வளவு முக்கியமில்லை என்று சங்கத்துப் பெரியவர்கள் நினைத்த நினைப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த வாய்ப்பு போயிற்று. உலகக் கிண்ணத்தின் அருமை அன்றைக்கு அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இந்திய ஆண்கள் குழு உலகக் கிண்ணத்தில் ஆடியதே இல்லை.

அதே போட்டிக்கு இன்னொருவரும் போகவில்லை. நான் ஞாபகம் வைக்கச் சொன்ன நீல் ஃபிராங்க்ளின்தான் அவர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். 1947இல் அது 12 பவுன். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. ஆகவே ஃபிராங்க்ளின் அதிகச் சம்பளத்துக்காகத் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்தார். வந்ததும் அவரை ஆடக்கூடாது என்று தடை செய்தார்கள். தடை நீங்கிய பிறகு வேறு குழுவில் ஆடினார் என்றாலும், இங்கிலாந்துக்கு ஆட அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. குறைந்த கூலி வாங்கியவன் நல்ல கூலி தேடிப் போனது குற்றமா? தோட்டத்தில் உழைத்த நமக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். நான் சொல்ல வருவது இதுதான்: ஒருவரை ஒரு தடவை தள்ளிவிட்டு அப்படியே விட்டார்கள். இன்னொருவரைத் தவறியும் தள்ளாமல் வைத்துக்கொண்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

1951 மார்ச் மாதம். டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. மன்னா தலைவர். சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத்துக்காரர் பயிற்றுநர். அவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தியா இந்தோனேசியாவை 3க்கு 0, ஆப்கானிஸ்தானை 3க்கு 0 என்று வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரான். பிரதமர் நேருவும் பார்க்க வந்திருந்தார். மேவாலால் ஒரே ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கோட்டையைக் காத்தது யார்? பின்வரிசைதான். மூன்று ஆட்டத்திலும் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. பெனால்ட்டியைத் தவறவிட்டவர் மூன்று வருடத்தில் ஆசியாவின் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இத்தோடு கதையை முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். வாழ்க்கை அப்படி இல்லையே! அடுத்த வருடமே, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் தேசம். அங்கேயும் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது. நம்மவர்கள் போட்டது ஒன்று. தலைவர் மன்னாதான். பத்துக் கோல் வாங்கிய தற்காப்புக்காரர் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவார்? ஆனாலும் திரும்பினார். அந்தத் தோல்வியால் ஒரு நல்ல காரியம் நடந்தது. இனிமேல் எல்லாரும் சப்பாத்து போட்டுத்தான் ஆடவேண்டும் என்று சங்கம் விதி செய்தது. வெறுங்காலை வீரம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டுக் கற்றுக்கொண்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, சிலோன் நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கோப்பையை 1953, 1954, 1955 மூன்று வருடமும் இந்தியாவே வென்றது. 1954இல் மணிலா ஆசிய விளையாட்டுக்கும் மன்னாதான் தலைவர். 1953ஆம் ஆண்டு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் ஆண்டு மலரில் உலகின் சிறந்த பத்துத் தலைவர்களில் ஒருவர் என்று அவர் பெயரைப் போட்டது.

இவ்வளவு ஆடியவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கேட்பீர்கள். ஆட்டத்துக்காக அவர் சம்பளம் வாங்கியதில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்துத்தான் குடும்பத்தை நடத்தினார். காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம். 1971இல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2000ஆம் ஆண்டு, ஆயிரமாண்டின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் என்று அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2012 பிப்ரவரி 27ஆம் நாள் தம் 87ஆவது வயதில் காலமானார்.

படிப்புக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? 1948இல் லண்டனுக்குப் போன குழுவின் தலைவர் மன்னா இல்லை. அவருக்கு மூத்தவர், மோகன் பகானில் அவரோடு தற்காப்பில் நின்ற தாலிமெரன் ஆவோ. நாகா மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா கிராமத்துச் சபை போதகர். பிள்ளைகள் பலர் உள்ள வீடு. "நீ படித்து டாக்டராகி நம் சனங்களுக்கு உதவ வேண்டும்" என்பது அப்பாவின் ஆசை. அப்பா இறந்துபோனார். மகன் அந்தப் பேச்சை மறக்கவில்லை. கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டேதான் பந்து ஆடினார். மருத்துவ மாணவராக இருந்தபோதே ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திப் போனார். 1950இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு தம் மலைநாட்டுக்கே திரும்பிப் போய் மருத்துவராக வேலை செய்தார். நாகாலாந்து மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கே தலைவராக உயர்ந்தார்.

"பந்தா, படிப்பா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு நான் டாக்டர் ஆவோவைத்தான் காட்டுவேன். பந்து அவர் படிப்பைக் கெடுக்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் திடலில் ஓடுகிற பையன் கெட்டுப்போவதில்லை அம்மா. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வீட்டுக்கு வராமல் சடக்கோரத்தில் உட்கார்ந்திருக்கிறானே, அதைத்தான் நீங்கள் கேட்கவேண்டும்.

இதெல்லாம் இந்தியாவில் நடந்தது, நமக்கு என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குக்கு நம் மலேசியக் காற்பந்துக் குழு போனது. அதற்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன், நம் தமிழர், அவரும் தற்காப்பு ஆட்டக்காரர். மேற்கு ஜெர்மனியிடம் 3க்கு 0 என்று தோற்றார்கள். மொரோக்கோவிடம் 6க்கு 0. ஆனால் அமெரிக்காவை 3க்கு 0 என்று வென்றார்கள். அதே குழுவில் நம் பினாங்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். தற்காப்பில் நாமாட் அப்துல்லா, முன்வரிசையில் அவருடைய சகோதரர் ஷஹாருடின் அப்துல்லா. 1974இல் பினாங்கு, பேராக்கை 2க்கு 1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்ததை இங்கே உள்ள தாத்தாமார்களைக் கேட்டால் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

பெரியோர்களே, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஆறாம் ஆண்டு முடித்து நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே பாடமெல்லாம் தேசிய மொழியில். புது இடம், புது முகம், பெரிய வகுப்பு. முதல் சோதனையில் சிலருக்குச் சிவப்பு மைதான் வரும். அது அவர்களுக்கு அடித்துத் தவறிய பெனால்ட்டி. அன்றைக்கு வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? "உனக்கு எதுக்குடா படிப்பு? ஏறலைன்னா விடு, வேலைக்கு வா, நாலு வெள்ளி சம்பாதி." கோபத்தில் சொல்கிறோம். ஆனால் பையன் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறான். இரண்டாம் படிவத்திலேயே பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் முட்டாள் பிள்ளைகள் இல்லை. ஒரு தடவை தவறிய பிறகு மறுபடி நிற்கச் சொல்ல ஆள் இல்லாமல் போனவர்கள்.

மன்னா லண்டனில் தவறவிட்ட அன்றைக்கே அவரை விலக்கியிருந்தால் டெல்லியில் அந்தப் பதக்கத்துக்கு வேறு ஆளைத்தான் தேடியிருக்க வேண்டும். அவரை வைத்துக்கொண்டவர்களுடைய பொறுமையும் அந்தப் பதக்கத்தில் பாதி. அந்தப் பொறுமையைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். மதிப்பெண் குறைந்து வரும் நாளில் பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, திட்டுங்கள். திட்டிவிட்டு, சோறு போட்டு, "நாளைக்கு வாத்தியாரைப் போய்ப் பார், என்ன புரியலைன்னு கேள்" என்று அனுப்புங்கள். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். பள்ளியை விட்டுப் போன பிள்ளையும் எங்கள் பிள்ளைதான்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்கள் தலையைக் குனிய வேண்டாம். அடுத்த வருடம் இதே மேசை இருக்கும். பரிசுக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுக் கண் எரிய வந்து உங்களைப் பள்ளிக்குக் கிளப்பியவர், அந்தக் கையில் அதைக் கொடுங்கள். கோப்பையில் அவர்கள் பெயர் எழுதியிருக்காது. ஆனால் உங்களுக்குப் பின்னால் வேலியாக நின்றவர்கள் அவர்கள்தான்.